யந்திரம் கைவேலையை வாங்கிக்கொண்டது, மனசையும் கொடுப்பதா?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



பகல் ஷிப்டு முடித்து முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கிறீர்கள். வயலிலிருந்து நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

போன மாதம் ஒரு மில்லில் நோட்டீஸ் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை 'எமோஷனல் இன்டலிஜென்ஸ்' பயிற்சியாம். ஃபிரேம் பார்ப்பவர்கள் கட்டாயம் வரவேண்டுமாம். டீயும் பன்னும் உண்டாம். போய்வந்த பெண் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார்:

"மூணு மணி நேரம் சிரிக்கச் சொன்னாங்க தோழர். கோபம் வந்தா மூச்சை இழுத்து விடச் சொன்னாங்க. ஓவர்டைம் காசு ஏன் இன்னும் வரலைன்னு கேட்டேன். 'பாத்தீங்களா, இதுதான் கெட்ட எண்ணம்'னு சொல்லிட்டாங்க. இது என்ன படிப்புங்க?"

கேள்வி நியாயமானது. இன்று நாம் பேசப்போவது அதற்கான பதில்தான்.

அது என்ன படிப்பு?

1990ல் அமெரிக்காவில் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள் இந்தப் பெயரில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1995ல் டேனியல் கோல்மன் என்ற பத்திரிகையாளர் அதையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். உலகமெங்கும் அது விற்றது. பிறகு கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன.

தமிழில் உணர்வறிவு என்று சொல்லலாம். நம் கோபமும் பயமும் எப்போது கிளம்புகிறது, எதனால் கிளம்புகிறது என்று நமக்கே தெரிவது. எதிரே நிற்பவர் மனசில் என்ன ஓடுகிறது என்று புரிந்துகொள்வது. இரண்டையும் வைத்து நிதானமாகக் காரியம் செய்வது. இவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதா? நடவு வயலில் பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்திருக்கும்போது ஒருத்தி பின்தங்கினால், பக்கத்திலிருப்பவள் வாய்திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். அவள் பங்கையும் சேர்த்து நட்டுக்கொண்டே போவாள். இவளுக்கு இன்றைக்கு உடம்பு முடியவில்லை என்று முகத்திலேயே தெரிந்துவிடும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அந்தப் பெண்களுக்கு யார் பயிற்சி கொடுத்தது? வேலைதான் கொடுத்தது. கூடி நின்று செய்த வேலை கொடுத்தது.

யந்திரம் எதை எடுத்துக்கொண்டு போயிற்று?

இப்போது அந்த வயலைப் பாருங்கள். ஓர் ஏக்கர் நெல்லை அறுத்து, கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்து, தூற்ற ஒரு கூட்டமே நாள் முழுக்க நின்றது. இன்று பெல்ட் வண்டி வயலில் இறங்கினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏக்கர் முடிந்துவிடுகிறது. வண்டியில் ஒரு டிரைவர். வரப்பில் ஒரு ஆள். கூட்டம் எங்கே? ஒருவன் நூறுநாள் வேலைக்குப் போனான், ஒருவன் திருப்பூர் பஸ் ஏறினான், ஒருவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

மில்லைப் பாருங்கள். நூல் நிறைந்த குழல்களைக் கழற்றி வெறுங்குழல் மாட்ட ஒவ்வொரு ஃபிரேமுக்கும் டாஃபர்கள் கும்பலாக ஓடி வருவார்கள். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர்கள் கொண்ட நீள ஃபிரேம், தானே எல்லாக் குழல்களையும் ஒரே சமயத்தில் தூக்கிக் கழற்றுகிறது. வைண்டிங்கில் நூலின் குறையை யந்திரமே கண்டுபிடிக்கிறது, வெட்டுகிறது, காற்றை ஊதி ஒட்டுப் போடுகிறது. எந்தக் கதிரில் இழை அறுந்தது என்று விளக்கு எரிந்து சொல்கிறது. அதை ஒட்ட நீங்கள் எத்தனை நேரம் எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் கணக்கு எழுதி ஆபீஸுக்கு அனுப்புகிறது.

ஆகவே தோழர்களே, யந்திரம் எடுத்துக்கொண்டது கைவேலையை மட்டுமல்ல. பக்கத்தில் நின்ற ஆளையும் எடுத்துக்கொண்டது. முன்பு டீக் குடிக்க நாலுபேர் சேர்ந்து போனோம். யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குக் கடன், யாரை மேஸ்திரி திட்டினான் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்தது. இன்று ஒரு தொழிலாளிக்கும் அடுத்த தொழிலாளிக்கும் இடையே நீளமான ஃபிரேம் நிற்கிறது. எட்டு மணி நேரமும் இரைச்சல். அடுத்த ஆளின் முகமே தெரிவதில்லை. முகம் தெரியாத இடத்தில் அகம் எப்படித் தெரியும்?

இந்த வகுப்பில் நாம் சொல்ல வந்தது இதுதான்: முன்பு வேலையே நம்மை ஒன்றுசேர்த்தது, இன்று வேலை நம்மைப் பிரித்து வைக்கிறது. தானாக வந்த ஒன்றை இனி நாமே முயன்று செய்யவேண்டும். நாம் செய்யாவிட்டால் முதலாளி அந்த இடத்தில் வந்து உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை டீயும் பன்னும் அதற்காகத்தான்.

அப்படியானால் யந்திரத்தை உடைப்பதா? இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கம் 1811ல் பின்னலாடைத் தொழிலாளிகள் சட்டகங்களை உடைத்தார்கள். அவர்கள் வயிற்றெரிச்சல் உண்மையானது. 1812ல் பார்லிமெண்டு அதற்குத் தூக்குத்தண்டனைச் சட்டம் போட்டது. யந்திரம் நின்றதா? நிற்கவில்லை. யந்திரம் முதுகு நோகாமல் பாரம் தூக்கினால் நமக்கும் சந்தோஷம்தான். அதன் லாபம் யார் பைக்குப் போகிறது, அதன் பளு யார் தலையில் விழுகிறது என்பதே நம் கேள்வி. அந்தக் கேள்வியை ஒருவன் தனியாகக் கேட்க முடியாது. சேர்ந்து கேட்கவேண்டும். சேர்வதற்கு ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரிய வேண்டும்.

முதலாளி காது கொடுத்த கதை

முதலாளிகள் நம் மனசைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தது இன்று நேற்றல்ல. அமெரிக்காவில் சிகாகோ நகருக்குப் பக்கத்தில் ஹாதோர்ன் என்று ஒரு பெரிய டெலிபோன் கருவித் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1927ல் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து வேலை வாங்கிப் பரிசோதனை செய்தார்கள். இடையில் ஓய்வு கொடுத்தார்கள், கூலி முறையை மாற்றினார்கள், மேற்பார்வையைத் தளர்த்தினார்கள். உற்பத்தி ஏறியது. எல்டன் மேயோ என்ற பேராசிரியர் இந்த ஆராய்ச்சியால் பேர்பெற்றார். தொழிலாளி காசுக்காக மட்டும் வேலை செய்வதில்லை, தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற எண்ணத்துக்காகவும் வேலை செய்கிறான் என்பது அவர்கள் முடிவு.

பிறகு 1928 முதல் 1930 வரை இருபதாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்களைத் தனித்தனியே கூப்பிட்டுப் பேசவிட்டுக் கேட்டார்கள். பேசிமுடித்த பலருக்கு நிலைமை மாறாமலே மனப்பாரம் குறைந்தது என்று கண்டார்கள். முதலாளிக்கு இதைவிட மலிவான மருந்து உண்டா? 1936ல் இதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆலோசகர்களை நியமித்தார்கள். அவர்கள் வேலை கேட்பது, குறையைத் தீர்ப்பதல்ல!

ஆனால் அதே தொழிற்சாலையில் இன்னொரு அறையும் இருந்தது. 1931, 32ல் அதில் பதினான்கு ஆண்கள் கம்பி இணைக்கும் வேலை செய்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். ஒருவன் அதைத் தாண்டி ஓட்டினால் பக்கத்து ஆள் அவன் கைமேல் விளையாட்டாக ஒரு குத்து விடுவான். எழுதிய சட்டமில்லை, கூட்டமில்லை, தீர்மானமில்லை. அளவு கூடினால் நாளை கூலியைக் குறைப்பான், ஆளைக் குறைப்பான் என்று அத்தனை பேருக்கும் மனசில் பட்டது. ஆராய வந்த அறிஞர்கள் இதை அர்த்தமில்லாத உணர்ச்சி என்றார்கள். வேலை இல்லையென்று 1932 மே மாதம் அந்த அறையே மூடப்பட்டது. யார் பயம் அர்த்தமில்லாதது?

இரண்டு அறைகளிலும் உணர்வறிவு இருந்தது. முதல் அறையில் அது முதலாளி கையிலிருந்த கருவி. இரண்டாவது அறையில் தொழிலாளிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உறவு. வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

சிரிப்பும் ஒரு வேலை

1983ல் ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியல் அறிஞர், விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பயணி திட்டினாலும் சிரிக்கவேண்டும். சிரிப்பது அவர்கள் சம்பளத்தோடு சேர்ந்த வேலை. நாள் முழுக்கச் சிரிப்பை விற்றுவிட்டு வீட்டுக்குப் போனால், சொந்தப் பிள்ளையிடம் சிரிக்கும்போது இது எந்தச் சிரிப்பு என்று தனக்கே சந்தேகம் வருகிறது. ஜவுளிக்கடையில் கால்கடுக்க நின்று "வாங்கக்கா" என்று சொல்லும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது இன்னும் ஒரு படி போய்விட்டார்கள். முகத்தையும் குரலையும் பார்த்து, இவன் எரிச்சலாக இருக்கிறான், இவள் சலிப்பாக இருக்கிறாள் என்று கணக்குச் சொல்லும் யந்திரங்கள் வந்துவிட்டன. வேலைத்தலத்தில் தொழிலாளியின் உணர்ச்சியை இப்படிக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்களை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. அந்தத் தடை 2025 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. அங்கே சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு ஆபத்து என்றால், இங்கே மில் கேட்டில் புதுக் கேமரா மாட்டும்போது அது எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

நாம் தோற்ற கதை

முதலாளியைப் பற்றிப் பேசியது போதும். நம்மைப் பற்றிப் பேசுவோம். நம் தவறைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்வது யோக்கியமல்ல.

இருபது வருஷம் இருக்கும். ஒரு மில்லில் தானே குழல் கழற்றும் ஃபிரேம்களைக் கொண்டுவந்தார்கள். முப்பது டாஃபர்கள் வெளியே போகவேண்டிய நிலை. நாம் அப்போது யூனியனில் இளைஞர். சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தோம். தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி இப்படிப்பட்ட மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும், தரவில்லை, ஆகவே கேஸ் போடலாம் என்று கேட்டில் முழங்கினோம்.

கூட்டம் முடிந்ததும் வயதான டாஃபர் ஒருவர் ஒதுங்கி வந்தார்.

"தம்பி, நீங்க சொல்ற பிரிவெல்லாம் சரிதானுங்க. எம்பட புள்ளைக்கு ஆவணில கண்ணாலம் வெச்சிருக்கறேன். மாப்ள ஊட்ல 'உங்கப்பன் மில்லுக்குப் போறாருங்களா'ன்னு கேட்டா என்னத்தைங்க சொல்றது?"

நாம் என்ன செய்தோம்? மறுபடி பிரிவை விளக்கினோம். உட்காருங்கள் அண்ணா என்று சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. அவர் கேட்டது சட்டத்தையல்ல. நாலுபேர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க ஒரு வழியை. அது நம் காதில் விழவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க தம்பி" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

நம் காதில் விழாதது நிர்வாகத்தின் காதில் விழுந்தது. லேபர் ஆபீசர் அவர் வீட்டுக்கே போனார். கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை, ஒரு கையெழுத்து. அடுத்தடுத்து முப்பது கையெழுத்தும் விழுந்தன. ஃபிரேம் பார்க்கும் சைடர்களைத் தனியே கூப்பிட்டு, நாளைக்கு எட்டு ரூபாய் யந்திரப்படி என்றார்கள். அவர்களும் தலையாட்டினார்கள். "டாஃபர் போனால் நமக்கென்ன" என்று அவர்கள் நினைத்தபோது அதை மாற்ற நாம் ஒரு டீகூட அவர்களோடு உட்கார்ந்து குடிக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்துச் சைடர்களின் முறை வந்தது. ஒருவருக்கு இரண்டு ஃபிரேம் கூட்டினார்கள். கேட்டில் கொடியோடு நாற்பது பேர் நின்றோம். அந்த வழியாக அதே பெரியவர் மொபெட்டில் கீரைக்கட்டு விற்றுக்கொண்டு வந்தார். வண்டியை நிறுத்தினார். நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"ஏந்தம்பி, இப்ப எந்தப் பிரிவுங்க?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் பதிலில்லை.

அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனோம். நோட்டீஸ் எடுத்துப் போகவில்லை, ரசீதுப் புத்தகம் எடுத்துப் போகவில்லை. திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அவர் பேசுவதை மட்டும் கேட்டோம். திட்டினார், வாங்கிக்கொண்டோம். மறுவாரம் பழைய டாஃபர்கள் பதினோரு பேர் நம் கேட்டில் வந்து நின்றார்கள். வேலைப்பளுவை முழுக்கத் தடுக்க முடியவில்லை. ஆனால் வெளியே அனுப்பவிருந்த நால்வரை அனுப்பாமல் நிறுத்த முடிந்தது.

1955ல் கான்பூரில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் இதே வேலைப்பளுவையும் ஆட்குறைப்பையும் எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு மில்லோடு நிற்காமல் நகரமே நின்றது. இன்றைக்கு அவனுக்கு வந்தது நாளைக்கு எனக்கு என்று ஒவ்வொருவனுக்கும் நெஞ்சில் பட்டாலொழிய 80 நாள் பசியை யார் தாங்குவார்கள்? அதை எந்தச் சட்டப் பிரிவும் கொடுக்காது.

வடக்கிலிருந்து வந்த சகோதரன்

இன்று மில் ஹாஸ்டல்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு தொழிலாளர்கள் இருக்கிறார்கள். டெல்டாவில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். "அவன் வந்துதான் நம் கூலியைக் கெடுத்தான்" என்று நம் தோழர்கள் சிலர் பேசுகிறார்கள். அந்தக் கோபத்தை மறைக்கவேண்டாம். ஆனால் விசாரித்துப் பாருங்கள். அவனைக் கூட்டிவந்தது யார்? காண்டிராக்டர். அவனுக்கும் நமக்கும் போகவேண்டிய கூலியில் நடுவே எடுத்துக்கொள்பவன் யார்? அதே காண்டிராக்டர்.

2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் செல்போனில் பறந்தன. எங்கோ நடந்த சண்டையை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். போலீசார் பொய்யென்று அறிவித்தார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. அதற்குள் பயந்துபோய் ரயிலேறியவர்கள் உண்டு. ஒரே ஃபிரேமில் வருஷக்கணக்காக நின்றவன், பக்கத்து ஆளிடம் "இது நிஜமா?" என்று ஏன் கேட்கவில்லை? அவ்வளவு காலமும் நாம் அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால்தானே கேட்பான்!

பெரிய படிப்பு வேண்டாம். இந்திக்காரனிடம் "கானா காயா?" என்று கேளுங்கள். வங்கத்துக்காரனிடம் "பாத் கேயேச்சோ?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் அர்த்தம் சாப்பிட்டாயா என்பதுதான். பயத்தை நோட்டீஸ் போக்காது. பக்கத்தில் வந்து உட்காரும் ஆள்தான் போக்குவான்.

பெண் தொழிலாளர் காட்டிய வழி

திண்டுக்கல் பக்கம் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். மேலாட்களின் தொல்லையை அதுவரை மென்று விழுங்கியிருந்த பெண்கள் வாய்திறந்தார்கள். பெண்கள் தலைமையில் இயங்கும் ஒரு சங்கம் விடாமல் போராடி 2022ல் ஓர் ஒப்பந்தம் கண்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். அதன்படி தொழிலாளர்களிலிருந்தே சிலர் பயிற்சி பெற்று, தையல் வரிசையில் யாருக்கு என்ன தொல்லை என்று கவனித்து எடுத்துச் சொன்னார்கள். வெளியிலிருந்து வரும் ஆலோசகரிடம் சொல்லத் தயங்கும் விஷயம், பக்கத்து மிஷின்காரியிடம் சொல்லவரும். கேட்டதோடு நிற்கவில்லை; நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று கையெழுத்து இருந்தது. ஹாதோர்னில் இல்லாதது இதுதான்.

செய்யவேண்டியது என்ன?

முதலாவது, வாரத்துக்கு ஒரு தோழர் வீடு. இரண்டு பேராகப் போங்கள். வேறு காரியம் வைத்துக்கொள்ளாதீர்கள். பாதி நேரத்துக்கு மேல் நீங்கள் பேசினால் போனது வீண்.

இரண்டாவது, கோபத்தைப் பழக்குங்கள். விழுங்கச் சொல்லவில்லை. நெருப்பு கூரையில் பற்றினால் வீடு போகும். அடுப்பில் இருந்தால் சோறு வேகும். மேஸ்திரி தனியே கூப்பிட்டுச் சீண்டினால் தனியே பதில் சொல்லிச் சஸ்பெண்டு ஆகாதீர்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் எழுதிக்கொண்டு நாலுபேரோடு வாருங்கள்.

மூன்றாவது, பெண்கள் பேசும் நேரத்தில் கூட்டம் வையுங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று சொல்லாதீர்கள். கக்கூசுக்குப் போக டோக்கன் கேட்கும் விஷயத்தை ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் எந்தப் பெண் எழுந்து சொல்வாள்?

நான்காவது, கேட்டதைக் கோரிக்கையாக்குங்கள். கண்ணீரைக் கேட்டு ஆறுதல் மட்டும் சொன்னால் நாமும் முதலாளியின் ஆலோசகரும் ஒன்றுதான். புது யந்திரம் வருமுன் நம்மிடம் பேசு, வெளியேறும் ஆளுக்கு மாற்றுவேலை கொடு, மிச்சமான நேரத்தில் எங்களுக்கும் பங்கு கொடு, வயலில் வண்டி இறங்கினாலும் கையால் அறுக்கும் பங்கு வை என்று எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பெண் தோழர் கேட்ட கேள்விக்கு வருகிறோம். "இது என்ன படிப்புங்க?" நல்ல படிப்புத்தான் அம்மா. ஆனால் அதை முதலாளியிடம் படிக்கவேண்டாம். உன் பாட்டி நடவு வயலில் படித்தாள். நீ ஃபிரேம் வரிசையில் படி. ஓவர்டைம் காசு ஏன் வரவில்லை என்று கேட்டது கெட்ட எண்ணமல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துப்பேரோடு சேர்ந்து அதையே கேள்.

நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது உங்கள் அடுத்த ஃபிரேமில் நிற்பவர் பெயர் தெரியுமா என்று யோசியுங்கள். அடுத்த வரப்பில் நிற்பவர் எந்த ஊர் என்று யோசியுங்கள். தெரியாவிட்டால் அங்கிருந்து தொடங்குங்கள். டீ ஆறுகிறது தோழர்களே, எடுத்துக்கொள்ளுங்கள். குடித்துக்கொண்டே உங்கள் பேச்சைக் கேட்க நாம் தயாராக இருக்கிறோம்.